பொம்மைகளுக்கு எதற்குப் பூட்டு?

நம் வீடுகளில் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு மூன்று இடங்கள் உண்டு. விலை கூடியது ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள் இருக்கும். பிறந்தநாளுக்கு வந்து இன்னும் பிரிக்கப்படாதது பரண் மேல் ஏறிவிடும். மிச்சமெல்லாம், உடைந்ததும் உடையாததுமாக, கட்டிலுக்கடியில் ஒரு சாக்கிலோ பழைய பக்கெட்டிலோ கிடக்கும். இந்த மூன்றுமே தவறான இடங்கள் என்பது என் கட்சி. வீட்டோடு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர்களும் இந்த மூன்றையும் அப்படியே காப்பகத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

காப்பகத்தை மராட்டியில் 'பாள்ணாகர்' என்கிறார்கள். தொட்டில் வீடு என்று அர்த்தம். டோம்பிவிலியில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் 21 வருஷமாக நான் நடத்தி வருவது அப்படி ஒரு தொட்டில் வீடுதான். இப்போது 9 குழந்தைகள். எல்லாவற்றிலும் சின்னதுக்கு 14 மாதம், பெரியவனுக்கு 5 வயது. தமிழ் நாலு, மராட்டி மூன்று, குஜராத்தி ஒன்று, மலையாளம் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள் பாட்டி என்கின்றன, மற்றவை ஆஜி என்கின்றன. காலை ஏழரைக்கு லோக்கலைப் பிடிக்க ஓடும் அம்மா, திரும்பி வருவதற்கு மாலை ஏழரை ஆகிவிடுகிறது. அதாவது, குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி என் ஹாலில் கழிகிறது. அந்த நேரம் முழுதும் அதன் கைக்கு எட்டுவது என்ன, எட்டாதது என்ன என்பது சில்லறை விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

புதிதாகக் குழந்தையைச் சேர்க்க வருகிற பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றி. இரண்டாவது கேள்வி, "விளையாட்டுச் சாமான் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" நான் ஹாலில் இருக்கும் இரண்டு குட்டை ராக்குகளைக் காட்டுவேன். மொத்தம் 14 தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாமான். அவர்கள் முகம் வாடிவிடும். "அங்கே ஒரு இடத்தில் சுவர் முழுக்க ஷோகேஸ் மாமி, இருநூறு பொம்மையாவது இருக்கும்" என்று ஒருவர் சொன்னார். கதவைத் திறந்து எடுத்துக் கொடுப்பது யார் என்று கேட்டேன். அதை அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை. அந்த ஷோகேஸ் பெற்றோர் பார்ப்பதற்காக வைத்தது. குழந்தைக்கு அது கடைவீதி மாதிரி. பார்க்கலாம், ஏங்கலாம், தொடக்கூடாது.

பூட்டு விஷயத்தில் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு பாடம் நடந்திருக்கிறது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 ஜனவரியில் ரோம் நகரத்தின் ஏழைப் பேட்டை ஒன்றில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அங்கேயும் சாமான்களெல்லாம் பூட்டிய அலமாரியில்தான். ஆசிரியை திறந்து, எடுத்து, கொடுத்து, திரும்ப வாங்கி வைப்பார். ஒருநாள் அந்த அம்மாள் அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தால் குழந்தைகள் அதைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருட்டுப் புத்தி, கண்டிக்க வேண்டும் என்பது ஆசிரியையின் எண்ணம். மாண்டிசோரி வேறு விதமாகப் பார்த்தார்: எது எங்கே இருக்கிறது, தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து எடுக்கிற அளவுக்குக் குழந்தைக்கு அறிவு இருக்கிறது. அதன்பிறகு பூட்டு அலமாரி போய், குழந்தை உயரத்துக்குத் தாழ்வான அலமாரிகள் வந்தன. இன்று எந்த மாண்டிசோரிப் பள்ளிக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தத் தாழ்வான தட்டுகள்தான்.

இதே அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போரினால் ஊர் திரும்ப முடியாமல் நம் நாட்டிலேயே தங்கி, கொடைக்கானலிலும் சில காலம் இருந்து ஆசிரியர்களைத் தயார் செய்தார். நாம் பிழைக்க வந்திருக்கிற இந்தப் பக்கத்திலும் அந்த வழி முன்பே வேர் விட்டிருந்தது. குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920இலேயே பாலமந்திர் தொடங்கியவர். அவருடன் அங்கே வேலை பார்த்த தாராபாய் மோடக், 1945இல் நம் மேற்கு ரயில் பாதையோரத்துக் கடற்கரைக் கிராமமான போர்டிக்கு வந்து கிராமத்துக் குழந்தைகளுக்குப் பாலவாடி நடத்தினார். அப்புறம் அந்த வேலை கோஸ்பாட் குன்றுக்குப் போயிற்று; அனுதாய் வாக் அதைத் தொடர்ந்தார். வெளிநாட்டுச் சாமான் வாங்கக் காசு இல்லை, ஆகவே கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை இவற்றையே சாமானாக்கினார்கள். எண்ணிக்கையைக் கேட்டு வரும் பெற்றோரிடம் எனக்குச் சொல்லத் தோன்றுவது இந்தப் போர்டி கதைதான். பாதி பேருக்குக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை, ரயிலுக்கு நேரமாகிவிடும்.

எண்ணிக்கையைப் பற்றி ஆராய்ச்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டொலிடோ பல்கலைக்கழகத்தார் 36 சிறு குழந்தைகளை, ஒருமுறை 4 பொம்மைகளோடும் மறுமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். 4 மட்டும் இருந்தபோது குழந்தை ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடியது, விதவிதமாகவும் விளையாடியது. 16 இருந்தபோது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. ஆனால், இதைப் படித்துவிட்டு ஒன்பது குழந்தைகள் நடுவில் நாலு பொம்மையை வைத்தால் அடிதடிதான் நடக்கும். பல குழந்தைகள் உள்ள இடத்துக்கு என் கணக்கு வேறு: தலைக்கு ஒன்றரை. அதிலும் பந்து, சின்னக் கார் போன்றவை ஒரே மாதிரி இரண்டு. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பங்கு போடு என்று உபதேசம் செய்வது வீண். அதற்கு இன்னொரு சிவப்புக் கார் வேண்டும், அவ்வளவுதான்.

மிச்சச் சாமான் பரணில்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, சனிக்கிழமை ராத்திரி, நாலைந்து தட்டுகளை மாற்றிவிடுவேன். திங்கட்கிழமை காலை பழைய மரவண்டி கீழே இறங்கியிருப்பதைப் பார்த்தால் புதுச் சாமான் வந்த மாதிரிக் கூத்தாடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடக்கூடாது. தினமும் தேடிப்போகிற சாமானைக் காணோமென்றால் சில குழந்தைகள் அன்று முழுக்க அழும்.

எடுத்து வைக்கும் கலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நவராத்திரி முடிந்ததும் கொலு பொம்மைகளை எப்படி வைக்கிறோம்? ஒவ்வொன்றையும் துடைத்து, பழைய வேஷ்டித் துணியில் சுற்றி, கனமானது அடியில், மூக்கும் விரலும் நீட்டிக்கொண்டிருப்பது மேலே, பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு. தலைமுறை தலைமுறையாகப் பண்ருட்டி பொம்மைகள் மூக்கு உடையாமல் பம்பாய் வரை வந்து சேர்ந்ததற்கு இந்த ஒழுங்குதான் காரணம். அதே கைகள் குழந்தையின் சாமானை ஒரு சாக்கில் கொட்டிக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளுகின்றன! சாக்கில் கொட்டினால் ஜிக்ஸாவின் ஒரு துண்டு தொலையும், கரடிக்கு ஒரு கண் போகும், குழந்தை அதைக் கவிழ்த்துத் தரையெல்லாம் பரப்பிவிட்டு எதையும் எடுக்காமல் எழுந்து போகும். அப்புறம், பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்கிறோம்.

பரண் சாமானுக்குக் கொலு முறையே போதும், இரண்டு திருத்தங்களோடு. ஒன்று, பாச்சை உருண்டை வேண்டாம். குழந்தை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். அது ரத்தத்துச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது, சில குழந்தைகளுக்கு உயிராபத்து. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டால் போதும். இரண்டு, மும்பை மழை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஈரத்தோடு எதையும் மூடி வைக்கக்கூடாது. மரச்சாமானை ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விட வேண்டும், ஊறப்போடக்கூடாது. தண்ணீர் பீச்சும் ரப்பர் வாத்துக்குள் கறுப்புப் பூசணம் பிடித்திருப்பது வெளியே தெரியாது. அதை நான் வாங்குவதே இல்லை.

கொலுப்படி வருஷத்தில் 355 நாள் சும்மாதானே நிற்கிறது, அதையே பொம்மை ராக்காக வைக்கலாமே என்று ஒரு சிநேகிதி கேட்டாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படி என்றால் குழந்தை ஏறும், ஏறினால் விழும். ராக் இரண்டடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது. அகலமாக இருக்க வேண்டும். சுவரோடு திருகாணி போட்டு இறுக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர் சுவரில் துளை போட விடமாட்டார் என்பவர்கள் ஒன்றரை அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தட்டுக்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம். விளிம்புள்ள எவர்சில்வர் தட்டு, மிட்டாய்க்கடை அட்டைப் பெட்டி எல்லாம் உதவும்.

வீட்டுக் காப்பகத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரே வயதுக் குழந்தைகள் ஒரு அறையில் இருக்கும். என் ஹாலில் 14 மாதமும் 5 வயதும் ஒரே பாயில் உட்காருகின்றன. பெரியவனுக்கு மணி கோக்க வேண்டும், சின்னது அந்த மணியை விழுங்கப் பார்க்கும். ஆகவே எல்லாமே திறந்த தட்டு என்பது இங்கே நடக்காது. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் அடங்குகிற எதுவும் மூச்சுக்குழலை அடைக்கக்கூடும் என்று கணக்கு. பழைய காமிராவின் பிலிம் ரோல் டப்பா ஏறக்குறைய அந்த அளவு. பலர் வீட்டில் இன்னும் கிடக்கும். டப்பாவுக்குள் போகும் சாமான்கள் என் வீட்டில் மூடியுள்ள டப்பாக்களில், மேஜைக்கு மேலே. பெரிய பிள்ளைகள் கேட்டு வாங்கி, மேஜையில் உட்கார்ந்து விளையாடி, எண்ணித் திருப்பித் தர வேண்டும். அதற்கும் பூட்டு கிடையாது.

பட்டன் பாட்டரி போட்ட பொம்மையை நான் உள்ளேயே விடுவதில்லை. விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியைப் பொம்மைப் பெட்டியாக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த இரும்பு மூடி குனிந்திருக்கும் குழந்தையின் கழுத்தில் விழும், ஒளிந்து விளையாடும் குழந்தையை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். மூடியைக் கழற்றிவிட்டால் அது நல்ல பெட்டி. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது. பதிவு செய்த கைவினைஞர்கள் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ரயிலில் விற்கிறதை வாங்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன், அந்தச் சாமானின் படம். ராக்கிலும் அதே படம். படிக்கத் தெரியாத குழந்தையும் எது எங்கே போக வேண்டும் என்று கண்டுகொள்ளும். படத்துக்குக் கீழே இங்கிலீஷில் பெயர் எழுதினால் என்ன என்று கேட்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் நம்மவர்கள். எழுத்து அங்கே எதற்கு? திருப்பி வைக்கும்போது பெயரைச் சொல்லிக்கொண்டே வைக்கிறோம், அது போதும். ஒரு தட்டில் சின்ன அடுப்பு, குடம், உருளி. நமக்கு அது சொப்பு, மராட்டிப் பிள்ளைகளுக்கு 'பாதுக்லி'. இரண்டு பெயரும் ஹாலில் புழங்குகின்றன. ராணேயின் பெண் "சொப்பு கொடு" என்கிறாள், நம் பிள்ளை "ஜாகச்யா ஜாகீ" என்று பாடிக்கொண்டே வைக்கிறான். எடுத்த இடத்தில் வை என்பதற்கு மராட்டிச் சொல் அது. வீட்டில் இங்கிலீஷ் பேசிப் பழக்குகிற சில தமிழ்க் குழந்தைகள் கரண்டி, முறம், அம்மி என்ற சொற்களை முதலில் கேட்பது இந்தத் தட்டில்தான். முறமும் அம்மியும் இப்போது அவர்கள் வீட்டிலேயே கிடையாது.

வீட்டிலிருந்து கொண்டுவரும் பொம்மை தனி வழக்கு. ஆளுக்கொரு துணிப்பை, கதவுக்குப் பின்னால் கொக்கியில். வீட்டுப் பொம்மை வந்தால் அந்தப் பைக்குள் போகும், மாலை அம்மாவோடு வெளியே வரும். கட்டியணைத்துத் தூங்குகிற பழைய துணி, கரடி இவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்த விதியால் எனக்கு ஒரு குழந்தை கைவிட்டுப் போயிற்று. அப்பா துபாயில், அங்கிருந்து வந்த ரிமோட் கார், பையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற எட்டுப் பேரையும் பார்க்க வைக்கிறான், ஆட்டோ ஓட்டுகிறவர் பையன் சுவரோரம் நிற்கிறான். காரைப் பைக்குள் போடச் சொன்னேன். "எங்கள் பிள்ளைக்கு வாங்கியதை அவன் விளையாடக்கூடாதா?" என்று அந்த அம்மாள் சண்டைக்கு வந்து, மாதக் கடைசியோடு நிறுத்திவிட்டார். விளையாடலாம், வீட்டில். பொதுத் தட்டில் இருப்பது மட்டும்தான் எல்லோருக்கும் சமம். அந்த விதியை நான் மாற்றவில்லை, மாற்றுவதாகவும் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாலுக்கு முன் பத்து நிமிஷம் எல்லோரும் சேர்ந்து திருப்பி வைப்போம். இங்கேதான் நம் வீட்டு வளர்ப்பு தெரியும். மூன்று வயதுப் பெண் குழந்தை சொல்லாமலே குனிந்து பொறுக்க ஆரம்பிக்கும். அதே வயதுப் பையன் நின்று வேடிக்கை பார்ப்பான், ஏனென்றால் வீட்டில் பாட்டி பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வருகிறாள். "ஆம்பளைப் பிள்ளை, விடுங்கள் மாமி" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு, அதுவும் வேலைக்குப் போகிற, வீட்டுக்கு வந்து சமையலும் தானே செய்கிற பெண்கள்! அவன் எடுத்த தட்டை அவன்தான் வைக்க வேண்டும். அதை வைக்கும்வரை பால் டம்ளர் காத்திருக்கும். தட்டும் படமும் இருப்பதால்தான் இதைக் கேட்க முடிகிறது. சாக்கு வைத்திருக்கும் வீட்டில் குழந்தையிடம் ஒழுங்காக வை என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. எங்கே வைக்கும்?

காப்பகம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். உங்கள் குழந்தையின் கண் இருக்கப்போவது அங்கேதான். அந்த உயரத்தில் என்ன தெரிகிறது, கையை நீட்டினால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பிறகு சாமான்களை எண்ணலாம்.

நம் சங்கத்து வாசகசாலையிலும் ஒரு இரும்பு பீரோ நிற்கிறது. அன்பர்கள் கொடுத்த விளையாட்டுச் சாமான்கள் அதில் நிறைய இருக்கின்றன. நல்ல சென்னப்பட்டணத்து மரச்சாமான்கள்கூட உண்டு. சாவி பொறுப்பாளரிடம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு அண்ணன் அக்காவோடு வரும் சின்னக் குழந்தைகள் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பொழுதைப் போக்குகிறார்கள். தொலைந்துவிடும், உடைந்துவிடும் என்கிறார் பொறுப்பாளர். சில உடையத்தான் செய்யும். இரண்டு குட்டை ராக்குகளுக்கு வேண்டிய பலகையும் தச்சுக் கூலியும் நான் தருகிறேன். செயற்குழு சாவியைத் தந்தால், வகுப்பு இல்லாத ஒரு சனிக்கிழமை பிற்பகல் போதும். சாமான்களைப் பிரித்து, பிலிம் டப்பாவில் போட்டுப் பார்க்க இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவராவது ஆணாக இருந்தால் சந்தோஷம். படம் ஒட்டும் வேலையைக் குழந்தைகளே செய்துகொள்வார்கள்.